வா என்றால் போகிறவளின் முழங்கால்

எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க யாரையும் "வா" என்று கூப்பிடவில்லை. சொந்தக்காரர்கள் அதைச் சும்மா விடுவார்களா? எங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்ற பேச்சு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அரியாங்குப்பத்து நாத்தனார் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. தலைக்கனமெல்லாம் ஒன்றும் இல்லை. அத்தனையும் ஒரு நாயின் முழங்காலுக்காகச் செய்தோம். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்க மாட்டேன் என்கிறது.

அவள் முதலில் எங்கள் நாய் இல்லை. பக்கத்து வீட்டு மதாமுடைய நாய். மதாம் தமிழச்சிதான். ஆனால் பிரெஞ்சு பென்ஷன், பிரெஞ்சு பாஸ்போர்ட், பேச்சில் பாதி பிரெஞ்சு என்று எங்கள் ஊரில் இருக்கும் குடும்பங்களில் ஒன்று அவருடையது. எங்களோடு தமிழில் பேசுவார், நாயோடு பிரெஞ்சில். மகளோடு இருக்கப் பிரான்சுக்குக் கிளம்பியபோது நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். பாதி லாப்ரடார், மீதி வைத்திக்குப்பத்து மீனவர் தெரு. நல்ல தேன் நிறம். தின்பதில் ஒரு குறையும் இல்லை. மதாம் டாக்சியில் ஏறும் நேரத்தில், நாயிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஓடிப்போய்க் கேட்டேன். "சாதாரணமா பேசு, அதுக்கு எல்லாம் புரியும்" என்றார். அவருக்குச் சாதாரணம் எது, எனக்குச் சாதாரணம் எது என்று அந்த அவசரத்தில் யாருக்குத் தோன்றும்?

நான் சாதாரணமாகப் பேசினேன். "வா" என்றேன். அவள் போனாள்.

சோற்றை வைத்து "வா வா" என்றால் கொல்லைப்பக்கம் ஓடினாள். கதவைத் திறந்து "உள்ள வா" என்றால் தெருமுனைக்குப் பறந்தாள். குரலில் எவ்வளவு கொஞ்சலோ அவ்வளவு வேகம். கொஞ்ச நேரத்தில் ஒரு செருப்பையோ தேங்காய் மட்டையையோ கவ்விக்கொண்டு தானே திரும்பி வந்து, என் காலடியில் போட்டுவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நிற்பாள். தெருவில் ஒற்றைச் செருப்பு காணாமல் போனால் எங்கள் வீட்டில் வந்து கேட்கும் வழக்கம் அப்போதுதான் தொடங்கியது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் கூப்பிட்டு ஒரு பிள்ளையும் வராமல் இருந்ததில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இது என்னை மதிக்கவே மாட்டேங்குதுங்க" என்று வீட்டுக்காரரிடம் பொருமினேன். அவர் வீட்டின் முன்னறையில் டூரிஸ்டுகளுக்கு பைக் வாடகைக்கு விடுகிறவர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். "மதாம் போன ஏக்கம், விடு" என்றார். என் மாமியார், அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், "பிரெஞ்சுக்காரி. அப்படித்தான் இருப்பா" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனேன். வண்டிகள் விடாத நேரம்தானே என்று கயிற்றை அவிழ்த்தேன். மோப்பம் பிடித்துக்கொண்டே பாறைகள் பக்கம் போனாள். ஈரப்பாறை, வழுக்கிவிடுமே என்று பதறிப்போய்க் கத்தினேன்: "வா! வா! வா!" இவ்வளவு உற்சாகமாக உத்தரவு வந்தால் அவள் என்ன செய்வாள்? பாய்ந்தாள். பின்னங்கால் ஒன்று பாறை இடுக்கில் மாட்டித் திரும்பியது. அப்போது அவள் போட்ட சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. நொண்டிக்கொண்டு திரும்பி வந்தவளின் வாயில், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு காலித் தண்ணீர் பாட்டில் இருந்தது.

பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். பிறவிக் கோளாறு. அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போகும்போது கெக்கெக்கென்று சிரித்தபடியே அழுதேன். ஆட்டோக்காரர் நாயை விட்டுவிட்டு என்னைத்தான் கண்ணாடியில் கவலையோடு பார்த்துக்கொண்டு வந்தார்.

கால்நடை டாக்டர் சின்ன வயசுப் பெண், ரொம்பக் கண்டிப்பு. நாயைப் படுக்க வைத்து, தொடையை ஒரு கையில் பிடித்து, கீழ்க்காலை மறு கையால் முன்னால் தள்ளினார். எலும்பு மேசை டிராயர் மாதிரி நகர்ந்து வந்தது.

"முட்டிக்குள்ள ரெண்டு எலும்பையும் இழுத்துப் பிடிச்சிருக்கிற லிகமென்ட் அறுந்துடுச்சு. ஆபரேஷன் பண்ணிடலாம். அறுந்ததை ஒட்ட முடியாது. முட்டிக்கு வெளிய கெட்டியான நைலான் இழையைப் போட்டு இறுக்கிக் கட்டிடுவோம். அது தாங்கிட்டிருக்கும்போதே சுத்தி இருக்கிற சதை இறுகிடும். ஆனா சில மாசம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. இழை அறுந்தா மறுபடியும் முதல்லேருந்து. பாதி என் கையில, பாதி உங்க வீட்டுல."

எங்கள் வீட்டின் பாதியை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

சாயங்காலம் மதாமை வீடியோ காலில் கூப்பிட்டுச் சொன்னோம். ஃபோனைச் சுற்றி நான், வீட்டுக்காரர், அத்தை மூவரும் குற்றவாளிகளாக நின்றோம். மதாம் முதலில் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பாறை மேல ஏன் போனா?"

"நான் கூப்ட கூப்ட போனா மதாம்."

"இன்னான்னு கூப்ட்ட?"

"வா வான்னுதான்."

மதாமின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. நெட் நின்றுவிட்டதோ என்று வீட்டுக்காரர் ஃபோனைத் தட்டினார். பிறகு அங்கிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், அழுகையும் சிரிப்புமாக மதாம் நாற்காலியிலிருந்தே சரிந்துவிட்டார்.

"அடிப்பாவி! வான்னா போ!"

"வான்னா வாதான மதாம்?"

"தமிழ்ல வா. பிரெஞ்சுல வான்னா போ. பந்தைத் தூக்கிப் போட்டு வா, வான்னு சொல்லுவேன். ஓடிப்போய் எடுத்தாருவா. வர்றதுக்கு வியேன்னு கூப்புடணும்."

அதாவது, இத்தனை மாதமாக நான் அன்போடு "வா, என் கண்ணு, வா" என்று கூப்பிட்டபோதெல்லாம், அவள் காதில் "போ, என்னத்தையாவது எடுத்து வா" என்று விழுந்திருக்கிறது. அந்த ஒற்றைச் செருப்புகளுக்கெல்லாம் அப்போதுதான் கணக்கு சரியானது. என்னை மதிக்கவில்லை என்று பொருமினேனே, அவளைப் போல என் சொல்லைக் கேட்ட ஜீவன் அந்த வீட்டிலேயே கிடையாது.

வீட்டுக்காரருக்கு ஆர்வம் தாங்கவில்லை. "அப்ப போன்னா இன்னா மதாம்?" என்றார்.

"போன்னா தோலு. சட்டிக்கும் அதேதான்."

அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "வான்னா போவாம், போன்னா தோலாம். பிரெஞ்சுக்காரனுங்க நல்லா ஆண்டானுங்க போ!"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பின்னங்கால் ஒன்று முழுக்க மயிர் மழிக்கப்பட்டு, உரித்த கோழி மாதிரி, கழுத்தில் பிளாஸ்டிக் புனலோடு வந்து சேர்ந்தாள். கதவு கதவாக அந்தப் புனலை இடித்துக்கொண்டு நடந்தாள். ஹால் மூலையில் பழைய ஜன்னல் கிரில்லை வைத்து அவளுக்கு ஒரு சின்ன அடைப்பு கட்டினோம். ஒன்றுக்குப் போவதற்குக்கூட, வயிற்றுக்குக் கீழே துணி கொடுத்துத் தாங்கித்தான் கூட்டிப்போக வேண்டும். துண்டு வழுக்கியது. கடைசியில் அத்தையின் பழைய சின்னாளப்பட்டிப் புடவைதான் வாகாக அமைந்தது. தினமும் காலையில் அரக்குப் புடவையில் நாயைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் தெருவில் போக, பின்னாலேயே அத்தை, "பார்டர் தரையில படுது, தூக்கிப் புடி" என்று கத்திக்கொண்டு வருவார்.

வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு விசாரிப்பார். முட்டியில் நைலான் இழை போட்டிருக்கிறார்கள், தூண்டிலில் போடும் தங்கூஸ் மாதிரி என்று நான் சொன்னதும் அவருக்கு ஒரே குஷி.

"தங்கூஸா? இன்னா நம்பரு? வஞ்சிரம் தாங்குமா?"

"அதெல்லாம் கேக்கலியேம்மா."

"கேட்டுக்க. கிளிஞ்சான் மாதிரி பொடி மீனு புடிக்கிறதப் போட்டு உட்டுறப் போறாங்க."

அத்தைக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல். அவருக்கு முட்டிவலி வந்து வருஷக்கணக்காகிறது. ஒருத்தரும் இப்படி நின்று விசாரித்ததில்லை. "எனக்கும் ஒரு புனலை வாங்கி மாட்டு. அப்பவாவது நாலு பேரு கேப்பாங்க" என்றார். டாக்டர் நாய்க்குச் சொன்ன உட்கார்ந்து எழும் பயிற்சியை நான் பிரெஞ்சில் "அஸ்ஸி", அதாவது உட்கார் என்று சொல்லிச் செய்யவைக்கும்போது, நாற்காலியில் இருந்த அத்தையும் சத்தம் போடாமல் உட்கார்ந்து எழுந்ததை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பெரிய பாடு "வா"தான். உற்சாகமான குரலில் அந்த ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், அடைப்புக்குள்ளேயே எம்பிக் குதிக்கத் தயாராகிவிடுவாள். அதனால் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை போட்டோம். வீட்டுக்காரர் வாடிக்கையாளரை "வாங்க சார்" என்று கூப்பிட முடியாமல், வருகிற எல்லோருக்கும் பிரெஞ்சில் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். பஞ்சர் ஒட்ட வந்தவருக்கும் போன்ழூர், கேன் தண்ணீர் போட வந்தவருக்கும் போன்ழூர். வாளி, வாசல், வாழைப்பழம் எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில்தான் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணைக் கரும்பலகைக்குக் கூப்பிட வாயெடுத்து, "வியேன்" என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ புது ஃபார்முலா என்று ஒருத்தி எழுதியே வைத்துக்கொண்டாள்.

அத்தை நிலைமைதான் பரிதாபம். வாசலில் வந்தவரை "வாங்க" என்று சொல்லாமல் நிறுத்துவது அவரைப் பொறுத்தவரை செருப்பால் அடிப்பதற்குச் சமம். இரண்டு நாள் யோசித்து, கோயிலில் கேட்ட சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்குப் பால்காரர் வந்தாலும் கேபிள்காரர் வந்தாலும், "எழுந்தருளுங்க!"

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் ஒரு பயம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. அவள் அந்தக் காலை ஊன்றவே இல்லை. காயம் ஆறிவிட்டது, புனலும் போய்விட்டது. ஆனாலும் மூன்று காலில்தான் தத்தினாள். ஆபரேஷன் செய்த காலை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டாள். தொடை நாளுக்கு நாள் சூம்பியது. "இந்நேரம் நுனிவிரலாவது வெச்சிருக்கணும். இப்படியே விட்டா சதை போயிடும், அப்புறம் கட்டினதுக்கு அர்த்தமே இல்ல" என்றார் டாக்டர். வெந்நீர் ஒத்தடம், நீவிவிடுதல், மடக்கி நீட்டுதல் என்று சொன்னதையெல்லாம் செய்தேன். கோழி ஈரலை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் காட்டினேன். மூன்று காலில் வந்து தின்றுவிட்டுப் போனாள். என்னால்தான் அறுந்தது, நன்றாகவும் ஆகாமல் போய்விடுமோ என்று நினைக்கும்போதெல்லாம் சிரிப்பு வந்துவிடும். அதைப் பார்த்து வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

அப்படி ஒரு நாள் ஹாலில் பாயைப் போட்டு அவள் காலை நீவிக்கொண்டிருந்தேன். அடைப்பு திறந்திருந்தது, கயிறு மாட்டவில்லை. பாகூர் பக்கமிருந்து அத்தையின் அக்கா வந்துவிட்டார். அங்கே வயலும் மாடுமாகப் பெரிய குடும்பம். பேத்தியின் கல்யாணத்துக்கு அழைக்க, தாம்பாளத்தில் பூ, பழம், பத்திரிகையோடு வாசற்படிக்கு வெளியே நின்றார். அத்தை ஓடிப்போய்க் கும்பிட்டார்.

"எழுந்தருளுங்கக்கா!"

பெரியம்மா அசையவில்லை. "நான் இன்னா உற்சவரா, எழுந்தருள்றதுக்கு?"

"உள்ள நுழைங்கக்கா."

"திருடனாட்டம் நுழையச் சொல்றியா?"

"ஏறிக்குங்கக்கா."

"பஸ்ஸாடி இது? ஊர்ல சொன்னாங்க, நான்தான் நம்பல. கூடப் பொறந்தவ தட்டோட வாசல்ல நிக்கிறேன். வான்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய்ல இருக்கிற முத்து உதிந்துடுமா?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை வேகமாக ஆட்டினேன். நாய் விஷயத்தை நான் விளக்கத் தொடங்குவதற்குள் பெரியவர் தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். ஒரு படி இறங்கியும் விட்டார். அத்தையின் கழுத்து நரம்பு புடைத்தது. இத்தனை வாரமாக அடக்கி வைத்திருந்த மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"அக்கா! வாக்கா! வா! வா! வா! வா!"

என் கைக்குள் இருந்த கால் உருவிக்கொண்டு போனது.

பிடிக்கப் பாய்ந்தேன். பாயோடு வழுக்கிக் குப்புற விழுந்தேன். அவள் ஹாலைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, கொல்லைக்குப் போய்விட்டாள். தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்த எனக்கு அவள் நகங்களின் சத்தம் கேட்டது. இழை போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தத்தில் ஏதோ ஒன்று உறைத்தது. டக் டக் டக், டக் டக் டக் என்று இத்தனை வாரமாக மூன்றாகக் கேட்டுப் பழகிய காது இது. இப்போது கூடுதலாக ஒன்று விழுந்துகொண்டிருந்தது. கணக்கு டீச்சர் நான், எண்ணிக்கை தப்பாது.

ஒரு தேங்காய் மட்டையைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்தாள். நாலு காலில் நடந்து வந்து, பாகூர் பெரியம்மாவின் காலடியில் அதை மரியாதையாக வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்கு இருக்கிற மரியாதை உனக்கு இல்லியே" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் பெரியவர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுபடியும் அந்த டிராயர் இழுப்பு. நான் சுவரைப் பார்த்து நின்றேன். "இழை அப்படியே இருக்கு" என்றார். "கால் எப்பவோ தயார். அவளுக்குத்தான் அது தெரியல. இப்பத் தெரிஞ்சுக்கிட்டா." நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டு, "சந்தோஷப்படாதீங்க. இன்னொரு தடவை இப்படி ஓடவிட்டீங்கன்னா என்கிட்ட கொண்டுவராதீங்க" என்று திட்டினார். அந்தத் திட்டு எனக்குப் பாயசமாக இனித்தது.

அதன் பிறகு தடை இன்னும் கடுமையானது. ஆனால் ஊரில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பாகூர் பெரியம்மா கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் கதையைச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "எழுந்தருளட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மழை ஓய்ந்தது, பொங்கலும் போனது. கயிற்றில் மெல்ல நடை, பிறகு கொஞ்சம் நீள நடை. சூம்பிய தொடை மறுபடி உருண்டது. மழித்த இடத்தில் தேன் நிற மயிர் மூடியது. ஒரு நாள் டாக்டர் காலை மடக்கிப் பார்த்து, நீட்டிப் பார்த்து, "போதும். இனிமே நாயா இருக்கட்டும், ஓடவிடுங்க" என்றார்.

மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் வைத்திக்குப்பம் மணலுக்குப் போனோம். பாறை கிடையாது. படகுகளுக்கு அந்தப் பக்கம் வெறும் ஈர மணல். கயிற்றை அவிழ்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வாய் வரவில்லை. கடல் பக்கத்தில் நின்று கடைசியாக அந்தச் சொல்லைச் சொன்னபோது அவள் போட்ட சத்தம் அப்படியே காதுக்குள் வந்து நின்றது.

"நீங்க சொல்லுங்களேன்" என்றேன் வீட்டுக்காரரிடம். அவர் கடலைப் பார்த்தார். "அத்தை, நீங்களாவது" என்றேன்.

அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நீ கூப்ட்டுதான அறுந்துச்சு? நீயே கூப்புடு."

"வா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அவள் ஒரு காதை மட்டும் தூக்கினாள்.

"வா!"

கிளம்பிவிட்டாள். ஈர மணலில் தண்ணீர் ஓரமாக, காது இரண்டும் பின்னால் பறக்க, வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடினாள். பின்னங்கால் இரண்டும் சேர்ந்து மணலை உதைத்தன. எந்தக் கால் ஆபரேஷன் செய்த கால் என்று அங்கிருந்து பார்த்தபோது எனக்கே தெரியவில்லை.

படகோரம் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த எங்கள் மீன்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, வா வான்னு நீ கூப்புட்ற, அது பாட்டுக்குப் போவுது? காது கேக்காதா?"

"காது நல்லா கேக்குது" என்றார் அத்தை. "காலும் நல்லா இருக்கு."

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பில் பயம் துளியும் இல்லை. தொண்டை கட்டும் வரைக்கும் கத்தினேன், "வா! வா! வா!" அவள் போய்க்கொண்டே இருந்தாள், நாலு காலில்.